என் கல்யாணத்தில் ஊதிய கன்னக்காரர்

எழுபதுகளின் நடுவில் சின்னக்கானல் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் நான் எலெக்ட்ரீஷியன். ஃபேக்டரி மோட்டார்கள்தான் என் பொறுப்பு என்றாலும், துரைமார் கிளப்பில் பல்பு போனாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒருநாள் அங்கிருந்த ரேடியோகிராம் பாடவில்லை என்று ஆள் வந்தது. அறுந்த ஒயரைப் பற்றவைத்துவிட்டு, சோதித்துப் பார்க்க மேலாகக் கிடந்த ரிக்கார்டை எடுத்துப் போட்டேன்.

யாரோ ட்ரம்பெட் ஊதினார். மெட்டை ஒருமுறை காட்டினார், அவ்வளவுதான், அதற்குப் பிறகு அதை விட்டுவிட்டு எங்கெங்கோ ஓடினார். இதோ விழப்போகிறார் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, கச்சிதமாகத் தாளத்தில் வந்து குதித்தார். ஆளில்லாத கிளப்பில், கையில் ஸ்க்ரூ டிரைவரோடு, நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்த ரிப்பேர் ஒரு வாரம் நீண்டது.

பெரிய துரை சொந்த நாட்டுக்குக் கிளம்பும்போது ஆளுக்கொரு பொருள் கொடுத்தார். கோட்டு வாங்கினார்கள், நாற்காலி வாங்கினார்கள். நான் ரிக்கார்டுகளைக் காட்டினேன். என்னை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு மூன்றை எடுத்துக் கொடுத்தார். ரேடியோகிராம் அவரோடு லாரி ஏறிப் போய்விட்டது.

தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் வீட்டில் ரிக்கார்டு இருந்தது, போட்டுக் கேட்க மெஷின் இல்லை. உறைகளைச் சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த ஆட்களின் பெயர்கள் வாயில் நுழையாததால் நானே பெயர் வைத்தேன். கன்னத்தைப் பந்தாக உப்பிக்கொண்டு ட்ரம்பெட் ஊதுபவர் கன்னக்காரர். கண்ணை மூடிக்கொண்டு சாக்ஸபோன் வாசிப்பவர் தூக்கக்காரர். அம்மாவுக்குக் கன்னக்காரரைப் பிடித்துப்போயிற்று, ஊரில் நாயனம் வாசிப்பவரின் சாடை என்றாள்.

அடுத்த வருடம் போடியில் பெண் பார்த்து, எஸ்டேட் முருகன் கோயிலில் கல்யாணம் வைத்தார்கள். மேளத்துக்கு வசதியில்லை, மைக்செட்தான். பெண் வீட்டாரோடு மைக்செட்காரரும் காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். சில்வர் ஓக் மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி முடித்த பிறகுதான் அவருக்கு வியர்த்தது. ரிக்கார்டுப் பெட்டியைப் போடிமெட்டு டீக்கடையிலேயே விட்டுவிட்டார். கெட்டிமேளமும் அந்தப் பெட்டிக்குள்தான்.

பாட்டில்லாமல் கல்யாணமா என்று மாமியார் அவரைக் காய்ச்சத் தொடங்கினார். நான் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு லயத்தைப் பார்த்து ஓடினேன். மாப்பிள்ளை தப்பித்து ஓடுகிறான் என்று நினைத்துப் பெண்ணின் சித்தப்பா பின்னாலேயே துரத்திக்கொண்டு வந்தார். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். திரும்பும்போது இரண்டு ரிக்கார்டு என் கையில், மூன்றாவதை அவர்தான் மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார்.

மைக்செட்காரர் பதற்றத்தில் வேகத்தைக் கூட்டி வைத்துவிட்டார். கன்னக்காரர் நாய் துரத்தும் கோழியாகக் கத்தினார். பந்தலே சிரித்தது. வேகத்தைச் சரிசெய்ததும் ட்ரம்பெட் திறந்துகொண்டது. எதிர்மலையில் பட்டுச் சற்றுத் தாமதமாகத் திரும்பிய சத்தம், அங்கே இன்னொருவர் நின்று பதிலுக்கு ஊதுவதுபோல் இருந்தது. பக்கத்து டிவிஷன் லயங்களிலிருந்து ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

மாமியார் மட்டும், இது என்ன கூத்து, நிறுத்தச் சொல்லுங்கள் என்றார்.

அலங்கரித்து உட்கார வைத்திருந்த பெண் தலையை நிமிர்த்தினாள். "ஏம்மா நிறுத்தணும்? நல்லாத்தான இருக்கு." பிறகு என்னைப் பார்த்து, "மறுபக்கமும் பாட்டு இருக்குமா?" என்றாள்.

அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். "இருக்கு" என்றேன்.

தாலியை எடுத்துக் கொடுத்த பூசாரி வழக்கப்படி "கெட்டிமேளம்" என்று குரல் கொடுத்தார். மைக்செட்காரர் திருதிருவென்று விழித்தார். "மூணாவது ரிக்கார்டு, கடைசிப் பாட்டு, நடுவுல ஊசிய வைங்க" என்றேன். மற்ற வாத்தியங்கள் எல்லாம் ஒதுங்கிக்கொள்ள, டிரம்காரர் தனியாகப் பிளந்துகட்டும் இடம் அது. இடி இறங்கியதுபோல் அடித்தார். முடிச்சுப் போட்டு முடித்தும் அவர் நிறுத்தவில்லை. மேளம் நிற்காதவரை அட்சதையை எப்படி நிறுத்துவது என்று யாருக்கும் தெரியவில்லை. தட்டில் அரிசி தீரும்வரை போட்டுக்கொண்டே இருந்தார்கள். கழுத்துக்குள், காதுக்குள், வேட்டி மடிப்புக்குள் எல்லாம் மஞ்சள் அரிசி. அவள் குனிந்தபடி தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். மாமியாரும் கடைசிப் பிடி அரிசியை மருமகன் தலையில் ஓங்கித்தான் போட்டார்.

மத்தியான பஸ்ஸில் பெட்டி வந்து சேர்ந்தது. பந்தி முடியும்வரை சினிமாப் பாட்டு ஓடியது.

போனஸ் வந்தபோது மதுரைக்குப் போய் ஒரு சின்ன ரிக்கார்டு பிளேயர் வாங்கினோம். மூன்று ரிக்கார்டு முப்பதானது, பிறகு அலமாரி நிறைந்தது. எங்களுக்குள் பெரிய சண்டை என்று வந்ததெல்லாம் அதனால்தான். நான் கன்னக்காரர் கட்சி, அவள் தூக்கக்காரர் கட்சி. "உங்காளு பஸ்ஸப் பிடிக்க ஓடுற மாதிரியே ஊதுறாரு. எங்காளப் பாருங்க, ஒரு அவசரமும் கிடையாது" என்பாள். நான் விட்டுக்கொடுத்ததில்லை. அவளும்தான்.