நான் கத்தவேயில்லை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பேய், பிசாசு, முனி, காட்டேறி எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. கல்யாண வீடியோவில் செத்துப்போன தகப்பனாரை மேகத்துக்குள் நிறுத்தி மணமகளை ஆசீர்வதிக்க வைக்கிறவன் நான். வாசலில் பனி வழித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையை அன்னத்தின் முதுகில் ஏற்றியிருக்கிறேன். மொன்றியலில், கார்ட்டியர்வில்லில் இந்தப் பேஸ்மென்டுக்குள் இருந்துகொண்டு ஆவி, தேவலோகம் எல்லாம் நானே செய்து கொடுக்கிறேன், பிறகு நான் எதற்குப் பயப்பட வேண்டும்? நீங்கள் மகளின் கல்யாணத்துக்கு வீடியோ பேச வந்த இடத்தில், அந்த மூஸ் படம் உண்மையா என்று சிரித்துக்கொண்டு கேட்டபடியால்தான் சொல்கிறேன். யாரோ உங்களுக்கு ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்கள், பிழையாகத்தான் சொல்லியிருப்பார்கள். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கல்யாணத்தைப் பற்றிக் கதைப்போம்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். பியர்பொன்ட்ஸில் வீடு, லொங்குய்யில் ஒரு தொழிற்சாலையில் வேலை. என்னை இந்த நாட்டுக்கு எடுத்துவிட்டதே அவர்தான், அதனால் எனக்கு அவர் பாதி அத்தான், பாதி தகப்பன். அவரோடு வேலை செய்கிற கியூபெக்காரர்கள் இலையுதிர் காலம் வந்தால் மூஸ் வேட்டைக்குக் கிளம்பிவிடுவார்கள். மூஸ் மான் சாதிதான், ஆனால் எருமையைவிட உயரம், கொம்பு இரண்டும் சுளகு அகலம். அத்தானும் அவர்களைப் பார்த்து ஆசைப்பட்டு, பரீட்சை எழுதி, லைசென்ஸ் எடுத்து, துவக்கு வாங்கி, வருஷா வருஷம் காட்டுக்குப் போய் வெறுங்கையோடு வருவார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் மூஸ் கறி எங்கே என்று கேட்டுக் கேட்டு மனுஷனின் மானத்தை வாங்கிவிட்டார்கள். அந்த ரோஷத்தில்தான் என்னிடம் வந்தார்.

“தம்பி, இந்தமுறை நீயும் வாறாய். நான் சுடுறதை நீ எடுக்கிறாய். உன்ர பூப்போட்ட கிராபிக்ஸ் ஒண்டும் வேண்டாம், உள்ளது உள்ளபடி வேணும்.”

“வெள்ளிக்கிழமையும் அதுவுமா உயிர் கொல்லப் போறியளோ?” என்று அக்கா குசினிக்குள் இருந்து கேட்டார்.

“சுடுறதுதான் வெள்ளிக்கிழமை. சாப்பிடுறது சனிக்கிழமை,” என்றார் அத்தான். அவரிடம் எல்லாவற்றுக்கும் ஒரு சட்டம் இருக்கும்.

வடக்கே மணிக்கணக்காக ஓடி, அவரோடு வேலை செய்யும் ஒருவரின் காட்டுக் குடிலில் தங்கி, விடிகிற நேரத்தில் ஒரு சதுப்பின் ஓரத்தில் விழுந்து கிடந்த மரத்துக்குப் பின்னால் போய்க் குந்தினோம். இரண்டு பேருக்கும் சட்டப்படி செம்மஞ்சள் மேலங்கி. கால் விரல் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. குளிரில் பேட்டரி இறங்கிக்கொண்டே போனது, நான் அதைக் கழற்றிக் கமக்கட்டுக்குள் வைத்துச் சூடாக்கி, திரும்ப காம்கோடரில் போட்டு, திரும்பக் கழற்றி, இதே வேலை. மண்டபத்தில் நின்று மணவறையை எடுக்கிறவனுக்கு இந்தத் தலையெழுத்து தேவையா சொல்லுங்கள். பழக்கதோஷத்தில், “அத்தான், நாடியைக் கொஞ்சம் உயர்த்துங்கோ, சிரிச்ச முகமா இருங்கோ,” என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை முறைத்த முறையில் பேட்டரி தானாகவே சூடாகியிருக்கும்.

பிறகு அவர் ஒரு மட்டையைக் குழல் மாதிரிச் சுருட்டி வாயில் வைத்து, ஆண் மூஸை வரவழைக்கப் பெண் மூஸ் மாதிரி அழைத்தார். கன்று போட முக்குகிற பசு மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது.

“சிரிப்பு வந்தால் வாயைப் பொத்து. மூச்சுச் சத்தம் கேட்டாலும் அது வராது, விளங்குதோ?”

நான் கழுத்தில் சுற்றியிருந்த மப்ளரைத் திரட்டி வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டேன். இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

மூஸ் வந்தது. சதுப்பின் அந்தப் பக்கத்து மரங்களுக்குள் இருந்து ஒரு சத்தமும் இல்லாமல் வந்து நின்றது. அவ்வளவு பெரிய உடம்பு எப்படிச் சத்தமில்லாமல் வரும் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. நான் அதைத் திரைக்குள் பிடித்துவிட்டேன், கை நடுங்கவில்லை, ஸூமைத் தொடவில்லை, முழு உடம்பும் தெரியட்டும் என்று அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். அத்தான் துவக்கை உயர்த்தினார். மூஸ் தலையைத் தூக்கி நேரே என் கமராவைப் பார்த்தது.

“சுடாதேங்கோ அத்தான்!”

காடே அதிர்ந்தது. மூஸ் திரும்பி மரங்களுக்குள் போய்விட்டது. அத்தான் துவக்கை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார், அவருடைய முகம் கறுத்துப்போயிருந்தது.

“உனக்கென்ன விசரோ?”

மப்ளரை வாய்க்குள் இருந்து இழுத்து எடுத்த பிறகுதான் என்னால் பேசவே முடிந்தது. “அத்தான், நான் கத்தேல்லை.”

“பேந்து ஆர் கத்தினது? மூஸோ? இந்தக் காட்டில உன்னையும் என்னையும் விட்டா ஆருக்குத் தமிழ் தெரியும்? அதுவும் அத்தான் எண்டு?”

அவர் கேட்டதில் பிழையில்லை. எனக்கும் கேட்டது, அது என்னுடைய குரல்தான், என் குரலை எனக்குத் தெரியாதா? ஆனால் என் தொண்டையில் இருந்து வரவில்லை. இதை எப்படி ஒரு மனுஷனுக்கு விளங்கப்படுத்துவது? மொன்றியல் வரைக்கும் வழி முழுக்க நான் கத்தவில்லை, கத்தவில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் ரேடியோவில் பிரெஞ்சுச் செய்தியைச் சத்தமாக வைத்துக்கொண்டார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள், பாவம் யாருடையது என்று தெரியாமலே பழி என் தலையில் ஏறிவிட்டது.

சரி, படம் இருக்கிறதே, அதில் தெரிந்துவிடும் என்று வந்த வேகத்தில் மெமரி கார்டை இந்தக் கம்ப்யூட்டரில் போட்டேன். சதுப்பு, மூஸ், எல்லாம் நான் எடுத்தபடி. மூஸ் தலையைத் தூக்கிப் பார்க்கிறது. அதற்கு அடுத்த கணம் படத்தில் நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம்.

ஓம், நாங்கள்தான். சதுப்பின் அந்தப் பக்கத்தில் இருந்து, ஆள் உயரத்துக்கும் மேலே இருந்து எடுத்த மாதிரி. விழுந்த மரம், இரண்டு செம்மஞ்சள் மேலங்கி, நேரே திரையைப் பார்த்து நீட்டின துவக்கு, பக்கத்தில் கண்ணோடு கமராவை வைத்துக்கொண்டு நான். படம் மெல்ல மெல்லக் கிட்ட வருகிறது. துவக்கைத் தாண்டி, அத்தானைத் தாண்டி, என் முகத்துக்கு வந்து, கமரா மறைக்காத கண்ணில் போய் நிற்கிறது. வாயில் மப்ளர், பல்லில் கடித்தபடி. அந்த நேரத்தில்தான் சத்தம் வருகிறது, சுடாதேங்கோ அத்தான் என்று, மைக்குக்குள் வாயை வைத்துக் கத்தினது போல அவ்வளவு கிட்டத்தில். மப்ளர் அசையவில்லை. உடனே படம் குலுங்கித் திரும்பி மரங்களுக்குள் ஓடுகிறது. அத்தான் என்னை ஏசுவது பின்னால் எங்கேயோ தூரத்தில் மெல்லக் கேட்டு, படம் முடிந்துவிடுகிறது.

எத்தனையோ தரம் சோதித்துப் பார்த்தேன், வெட்டு இல்லை, ஒட்டு இல்லை, ஒரே படம். ஆனால் உண்மையைச் சொன்னால் பயத்தைவிட ஆறுதல்தான் முதலில் வந்தது, நான் கத்தவில்லை என்பதற்குச் சாட்சி கிடைத்துவிட்டதே. ஓடிப்போய் அத்தானுக்குக் காட்டினேன். அவர் கடைசி வரைக்கும் பார்த்துவிட்டு எழும்பினார்.

“நல்லா மிக்ஸிங் செய்திருக்கிறாய். செத்த ஆக்களை மேகத்தில நிப்பாட்டுற உனக்கு இது பெரிய வேலையோ? பிழை விட்டனான் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா மன்னிச்சிருப்பன். இப்பிடி ஏமாத்தப் பாக்கிறியே.”

சொல்லுங்கள், இதற்கு நான் என்ன செய்ய? இந்தத் தொழிலில் இருக்கிற இன்னொரு பொடியனுக்குக் காட்டினேன், அவன், “அண்ணை, கலக்கிட்டியள், என்ன சாஃப்ட்வேர்?” என்று கேட்கிறான். அவனை அடிக்காமல் விட்டது பெரிய காரியம். நான் செய்த பொய்ப் படம் எல்லாவற்றையும் பார்த்து அழுத சனம், நான் செய்யாத ஒன்றைப் பார்த்துச் சிரித்தது. தீபாவளிக்கு அக்கா வரவில்லை. போனில் மட்டும், அதுவும் அத்தானுக்குக் கேட்காமல் மெல்லக் கதைத்தார். எனக்கு நெஞ்சு வெந்தது. என்னை இங்கே எடுத்துவிட்ட மனுஷன் என்னைக் கள்ளன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாரே என்பதுதான், மூஸும் குரலும் பிறகு.

கன நாள் கழித்து எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம், நான்தான் வீடியோ. கெட்டிமேளம் கொட்டுகிறது. தாலி கட்டும்போது நான் எப்போதும் ஒரே மாதிரித்தான் செய்வேன், முழு மணவறையில் தொடங்கி மெல்ல மெல்லப் போய், பெண்ணின் கண்ணில் நிறுத்துவேன். மொன்றியலில் அது என்னுடைய முத்திரை, அதற்காகவே என்னிடம் வருகிறவர்கள் இருக்கிறார்கள். அன்றைக்கும் அப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். பார்த்தால் அத்தான். கையில் அட்சதை, இன்னும் போடவில்லை.

“உன்ர படத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்தனான் தம்பி,” என்றார். “அதில உன்ர முகத்துக்குக் கிட்ட வாற விதம், இதேதான்.”

என் விரல் ஸூமில் அப்படியே நின்றுவிட்டது.

“துவக்கை வித்திட்டன். நீ கத்தேல்லை எண்டு நம்புறன்.” எவ்வளவு காலம் அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தேன் தெரியுமா? அழுகை வந்துவிட்டது. அவர் என்னைப் பார்க்காமல், கமராவைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“அண்டைக்கு நான் சுட்டிருந்தா, விழுந்திருக்கிறது ஆர்?”

கேட்டுவிட்டு அட்சதை போடப் போய்விட்டார். அக்கா இப்போது வீட்டுக்கு வருகிறார், அத்தானும் வருகிறார், அதைப் பற்றி நாங்கள் கதைப்பதில்லை. அந்தக் கல்யாணப் படம் பெண்ணின் கண்ணுக்குப் போகாமல் பாதியில் நிற்கும், பெண் வீட்டார் இன்னும் என்னோடு கோபம். உங்கள் மகளின் தாலி கட்டுவதையும் தூரத்தில் நின்றுதான் எடுப்பேன். முகத்துக்குக் கிட்டப் போகமாட்டேன், பிறகு குறை சொல்லக் கூடாது.