வேலைக்கு வேண்டிய வயது

ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களில் வயதானவர்களை முதலில் வேலையிலிருந்து நிறுத்திய காலம் அது. பிரிக்பீல்ட்ஸ் செங்கல் சூளையில் வேலை கேட்டு வருவோரின் பெயரை எழுதும் கிராணியாக இருந்தேன். நாற்பதைத் தாண்டியவரைச் சேர்க்கக்கூடாது என்பது துரையின் உத்தரவு.

நரைத்த மீசையில் கரி பூசி வந்த ஒருவர், "வயசு முப்பத்தெட்டு ஐயா" என்றார்.

"போன வாரம் நாப்பத்தஞ்சுன்னீங்களே?"

"அந்த வயசுக்கு வேலை இல்லன்னுட்டீங்களே."

"உண்மையான வயசு என்னண்ணே?"

"யாருக்குத் தெரியும்? ஊர்லேர்ந்து இங்க வரக் கப்பல் ஏறுறப்ப ஒரு கிராணி என் பல்லைப் பாத்து இருபதுன்னு எழுதினாரு. அது எந்த வருசம்னு ஞாபகமில்ல."

முப்பத்தெட்டு என்றே எழுதினேன். மறுநாள் முதல் அவர் இளவட்டங்களோடு செங்கல் சுமந்தார். அவர் ஒருமுறைகூட உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அது பலமா, பயமா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.