கை நீட்டாத அஹத்

கடுங்குளிர் தொடங்கிவிட்டால் அஹத் பெரியப்பா யார் கையிலிருந்தும் எதையும் வாங்கமாட்டார். ரொட்டிக் கடையில் மீதிச் சில்லறையை நீட்டினால், "பலகைமேல வை" என்பார். ஜூனி பெரியம்மா தேநீர்க் கிண்ணத்தை நீட்டினால், "கீழே வை" என்பார். கல்யாணத்துக்கு அழைக்க வந்தவர்களைக்கூட, "பத்திரிகையைச் சன்னல்ல வச்சிட்டுப் போங்க, கட்டாயம் வரேன்" என்று அனுப்பிவிடுவார். இரண்டு கைகளும் ஃபெரன் அங்கிக்குள் காங்கிடி நெருப்புச் சட்டியைக் கட்டிக்கொண்டிருக்கும். முதல் பனி விழுந்த நாள் கழிந்த பிறகுதான் அவை எதையாவது வாங்க வெளியே வரும். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இப்படித்தான்.

காரணம் எங்கள் பள்ளத்தாக்கில் எல்லாருக்கும் தெரிந்த பந்தயம். வருஷத்தின் முதல் பனியை எதிலாவது மறைத்து ஒருவர் கையில் கொடுத்துவிட வேண்டும். தெரியாமல் வாங்கிவிட்டால் வாங்கியவர் விருந்து போடவேண்டும். வாங்குவதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டால் கொடுத்தவர் போடவேண்டும். அஹத் பெரியப்பா இதில் ஒருமுறைகூடத் தோற்றதில்லை. மருந்துக் கடைக்காரரிடம் மாத்திரை டப்பாவில் பனியைக் கொடுத்திருக்கிறார். ரொட்டி சுடும் காதிரிடம், "வேகவே இல்லையே, பாரு" என்று அவர் சுட்ட ரொட்டிக்குள்ளேயே பனியை வைத்து நீட்டியிருக்கிறார். அதிகம் தோற்றவர் என் அப்பா சுபான். பெரியப்பாவின் சித்தப்பா மகன், பக்கத்துத் தோட்டக்காரர். எங்கள் வீட்டு ஆடுகள் பாதி பெரியப்பாவின் வயிற்றுக்குள்தான் போயின என்று அம்மா இன்றும் சொல்வாள்.

நான் கல்லூரியில் புவியியல் படித்தேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். நான் பட்டம் வாங்கிய வருஷக் கோடையில் எங்கள் ஓடை பாதி வற்றிப்போய், சரிவில் நட்டிருந்த ஆப்பிள் கன்றுகளில் பல கருகின. எங்களுடையதும் பெரியப்பாவுடையதும் அதில் சேர்த்தி. குளிர்காலம் வந்ததும் எனக்குத் தெரிந்த இர்ஃபானா என்ற ஆராய்ச்சியாளரை ஊருக்கு அழைத்துவந்தேன். பள்ளிவாசல் முற்றத்தில் எல்லாரும் கூடினார்கள்.

இர்ஃபானா நீளமான ஒரு காகிதச் சுருளைப் பெரியப்பாவிடம் நீட்டினாள். பள்ளத்தாக்கில் வருஷா வருஷம் விழுந்த பனியின் வரைபடம்.

"கீழே வை, பொண்ணே."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பாயில் வைத்தாள். காகிதம் தானாகவே சுருண்டுகொண்டது.

"பாத்தீங்களா? அதுக்கே விருப்பமில்ல" என்றார் பெரியப்பா. கூட்டம் சிரித்தது.

இர்ஃபானாவும் சிரித்துவிட்டுத்தான் பேசினாள். "மலைமேல இருக்கிற பனிதான் சாச்சா உங்களுக்குக் குளம். குளிர்காலத்துல நிரம்புது, கோடையில கொஞ்சம் கொஞ்சமா ஓடையில இறங்குது. பூமி சூடாகச் சூடாக அந்தக் குளம் சுருங்குது. மேல சுருங்குறதுக்கு ஈடா கீழ நாம ஒண்ணு வெட்டிக்கணும். வசந்தத்துல வர்ற தண்ணிய அதுல பிடிச்சு வச்சா கன்றுங்க பிழைக்கும். அதுக்குத் தோதான இடம் உங்க பள்ளம்தான்."

பெரியப்பாவின் தோட்டத்துக்கு மேல்பக்கம் நிழல் விழும் ஒரு பள்ளம் உண்டு. மற்ற இடங்களிலெல்லாம் உருகிய பிறகும் அங்கே மட்டும் பனி கிடக்கும்.

"முந்தின வருஷத்துக்கு முந்தின வருஷம் இடுப்பளவு விழுந்துச்சே, அது உன் காகிதத்துல இருக்கா?" என்று கேட்டார் பெரியப்பா.

"இருக்கு சாச்சா. ஒரு வருஷத்த வச்சுச் சொல்ல முடியாது. நல்ல வருஷமும் வரும். ஆனா அது வரவரக் குறையுது."

"அதெல்லாம் வரும். பனி விருந்தாளி மாதிரின்னு எங்கப்பா சொல்வாரு. வரமாட்டான்னு சொல்லி அவன் படுக்கையில குழி வெட்டச் சொல்றியா? அப்புறம் எந்த முகத்தோட வருவான்?"

"நான் நம்புறேன்!" என்று எழுந்தார் என் அப்பா. "குளம் வெட்டணும்."

"நீ அந்தக் காகிதத்தப் பிரிச்சே பாக்கலையே சுபான்?"

"நீ வேணாங்கிறியே, அது போதாதா? நீ ஒண்ண இல்லைன்னா அது இருக்கும்."

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு பட்டதாரி. நீ அளந்தியா?"

நான் அளக்கவில்லை. கல்லூரியில் ஆசிரியர் சொன்னார், புத்தகத்தில் இருந்தது, பரீட்சையில் எழுதினேன். இர்ஃபானாவின் வரைபடத்தில் ஒவ்வொரு புள்ளியும் எப்படி வந்தது என்று கேட்டால் எனக்குப் பாதி தெரியாது. அளந்தவர்களை நம்புகிறேன், அவ்வளவுதான். பெரியப்பா தன் அப்பாவை நம்பினார். என் அப்பா பெரியப்பாவை எதிர்ப்பதை நம்பினார். எங்கள் மூன்று பேரில் யார்தான் சான்றைப் பார்த்து முடிவு செய்தோம்? அன்று வீட்டுக்கு நடக்கும்போது இதையே யோசித்துக்கொண்டு போனேன். ஒரு வித்தியாசம் மட்டும் தோன்றியது. இர்ஃபானாவிடம் எப்படி அளந்தாய் என்று கேட்டால் உட்கார்ந்து சொல்வாள். ஆனால் அதைக் கேட்கத்தான் எங்கள் ஊரில் யாருமில்லை.

பள்ளம் கிடைக்கவில்லை. ஊரில் அப்போது நின்றிருந்த மண் வெட்டும் இயந்திரம் மலைச்சாலை வேலைக்குப் போவதற்குள் வெட்டியாகவேண்டும். இல்லாவிட்டால் அடுத்த கோடையில் மிச்சக் கன்றுகளும் போய்விடும்.

அந்தக் குளிர்காலத்தில் பனி விழவே இல்லை. நாற்பது நாள் கடுங்குளிரும் வெறும் வெயிலாகக் கழிந்தது. தெருவில் புழுதி பறந்தது. பெரியப்பா மட்டும் கைகளை ஃபெரனுக்குள் வைத்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜூனி பெரியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "இந்த மனுஷனுக்கு உப்பு எடுத்துக் குடுக்கணும்னாலும் தரையில வைக்க வேண்டியிருக்கு. பனி விழுந்தாத்தானே விடிவு? அது விழப்போறதில்ல" என்று எங்கள் வீட்டில் வந்து புலம்பினாள். அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்திருக்கவேண்டும். மேலே கணவாய்ப் பக்கம் போகும் ஜீப்காரரிடம் ஒரு வாளியைக் கொடுத்தனுப்பினாள்.

பெரியப்பா யாரிடமும் எதையும் வாங்கமாட்டார் என்று சொன்னேன் அல்லவா? ஒன்றே ஒன்றுக்கு மட்டும் விலக்கு. காலையில் ஜூனி பெரியம்மா கரி போட்டு ஊதித் தரும் காங்கிடியை மட்டும் கையில் வாங்குவார். நெருப்புக்குள் யார் பனியை வைப்பார்கள்? பெரியம்மா வைத்தாள். சட்டி நிறையப் பனியை அமுக்கி, மேலே சாம்பலைத் தூவி, "இந்தாங்க" என்று நீட்டினாள். அவர் வாங்கி அங்கிக்குள் நுழைத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டு ரொட்டிக் கடைக்கு நடந்தார்.

கடை வாசலில் நானும் அப்பாவும் நின்றிருந்தோம். பெரியப்பா பெஞ்சில் உட்கார்ந்து, கரி சரியாகப் பற்றவில்லையோ என்று சட்டியை முழங்கால்களுக்கு நடுவில் இறக்கிச் சாம்பலைக் கிளறினார். அடுத்த நொடி அவர் போட்ட சத்தத்தில் காதிர் அடுப்புக்குள்ளேயே ரொட்டியைத் தவறவிட்டார்.

"தோத்துட்டீங்க!" பின்னாலேயே வந்திருந்த பெரியம்மா கைதட்டினாள்.

"விருந்து! விருந்து!" என் அப்பா தெருவிலேயே ஆட ஆரம்பித்துவிட்டார். எத்தனை ஆட்டுக்கு ஈடு அது!

பெரியப்பா சாம்பல் வழிய எழுந்து நின்றார். "செல்லாது! இது மேல இருந்து வந்த பனி. நம்ம ஊருல விழுந்தாத்தான் கணக்கு."

"பனின்னா பனிதான்" என்றார் அப்பா.

"நம்ம ஊருல எங்கடா விழுந்துச்சு? காமி, ஒரு சிட்டிகை காமி! பாதாம் இப்பவே மொட்டு விட்டுடுச்சு. ஓடையில கல்லு பல்லக் காட்டுது. இந்த ஒரு வருஷமா? முன்னெல்லாம் கடுங்குளிர் தொடங்குறதுக்கு முன்னாடியே கூரையிலேருந்து பனிய வழிச்சுத் தள்ளுவோம். இப்ப தள்ளித் தள்ளித்தான் வருது, வந்தாலும் மழையில கரைஞ்சு போகுது. என் பனிவாரியில சிலந்தி குடும்பம் நடத்துது. எனக்குத் தெரியாதா? ஊருல எல்லாரும் தூங்குறப்போ முதல் பனிக்குக் காத்துக் கிடக்குறவன் நான்தான்!"

மூச்சு வாங்க நிறுத்தினார். அடுப்பு மட்டும் இரைந்தது.

"அஹதே" என்றார் அப்பா மெதுவாக, "இதத்தானே அந்தப் பொண்ணு சுருட்டிக்கிட்டு வந்தா?"

முதலில் காதிர்தான் சிரித்தார். பிறகு கடையே சிரித்தது. பெரியம்மா முக்காட்டுக்குள் முகத்தை மூடிக்கொண்டாள். பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. கண்ணைச் சுருக்கி ஒவ்வொருவரையும் பார்த்தார்.

காதிர் மாவுக் கையோடு வெளியே வந்து தீர்ப்புச் சொன்னார். "ரெண்டுல ஒண்ணு சொல்லு. பனி உண்டுன்னா நீ தோத்த, விருந்து போடு. பனி இல்லைன்னா அவங்க கேட்ட பள்ளத்தக் குடு. ரெண்டு பக்கமும் நீயே நிக்க முடியாது."

பெரியப்பா பலகையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்துப் பிய்த்தார். நிதானமாக மென்றார். நான் விரல்களை மடக்கிக்கொண்டு நின்றேன். அந்த ரொட்டி தீர்வதற்குள் எங்கள் கன்றுகளின் தலையெழுத்து தெரிந்துவிடும்.

"நான் தோக்கல" என்றார். "நம்ம ஊருல பனி விழல. வெட்டிக்கோங்க."

வெட்டியபோது இயந்திரக்காரரை ஒரு நிமிஷம் நிம்மதியாக விடவில்லை. "அங்க ஆழம் பத்தாது, இங்க கல்லு இருக்கு, என் பள்ளம் எனக்குத் தெரியாதா?" என்று கரையில் நின்று கத்திக்கொண்டே இருந்தார். அடுத்த கோடையிலும் ஓடை மெலிந்தது. ஆனால் குளத்திலிருந்து குழாயில் இறங்கிய தண்ணீரில் சரிவு முழுக்கக் கன்றுகள் தளிர்த்து நின்றன. அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டே நான் கேட்டேன், "இப்ப நம்புறீங்களா பெரியப்பா?"

"எத?"

"இர்ஃபானா சொன்னத."

"என் பள்ளம் நல்ல பள்ளம்" என்றார்.

அடுத்த குளிர்காலத்தில் பனி வந்தது. ரொம்பத் தாமதமாக, கணுக்கால் அளவுக்கு வந்தது. குளத்தை அளப்பதற்காக வந்திருந்த இர்ஃபானா அன்று எங்கள் வீட்டில் தங்கியிருந்தாள். காலையில் ஊரே வெள்ளையாக இருந்தது. குளக்கரையில் பெரியப்பா கைகளை உள்ளே இழுத்துக்கொண்டு காவல்காரரைப் போல நின்றிருந்தார். என் அப்பா அக்ரூட் பையை நீட்டினார்.

"கீழே வை சுபான். விருந்துக்கு ஆடு பெருசா இருக்கட்டும்."

அப்பா தலையில் அடித்துக்கொண்டார். அடுத்து இர்ஃபானா வந்தாள். அவள் கையில் அதே காகிதச் சுருள்.

"சாச்சா, இந்த வருஷத்தையும் சேத்து வரைஞ்சிருக்கேன். உங்க குளத்துத் தண்ணியும் இதுல இருக்கு. பாக்குறீங்களா?"

பெரியப்பா சுருளைப் பார்த்தார். குளத்தைப் பார்த்தார். "என் குளமா? காகிதத்துலயா?"

ஃபெரனுக்குள்ளிருந்து ஒரு கை மெல்ல வெளியே வந்தது. வாங்கினார். பிரித்துப் பார்க்கச் சாய்த்தார். சுருளுக்குள் அடைத்திருந்த பனி முழுவதும் அங்கியின் கைவழியே முழங்கை வரைக்கும் இறங்கியது.

அவர் குதித்த குதியில் தொப்பி குளத்தில் விழுந்தது. பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நிற்க முடியாமல் பனியிலேயே உட்கார்ந்து, கண்ணீர் வரச் சிரித்தார். "யார்டி உனக்குச் சொல்லிக்குடுத்தது?" என்றார். ஜூனி பெரியம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்து முடித்ததும் நனைந்த காகிதத்தை மடியில் விரித்து, கோட்டின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே கேட்டார், "இத எப்படி அளந்த? உக்காந்து சொல்லு."

அவளும் பனியில் உட்கார்ந்து சொன்னாள். அவர் குறுக்கே குறுக்கே கேட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாதி தெரியாமல் இருந்தது எனக்கும் அன்றுதான் தெரிந்தது.

இது நடந்து வருஷங்கள் ஆகிவிட்டன. விருந்து இன்னும் வரவில்லை. கவாத்து முடியட்டும் என்றார். ஆப்பிள் பெட்டிகள் ஏறட்டும் என்றார். நல்ல சமையல்காரன் கிடைக்கவில்லை என்றார். இர்ஃபானா தொலைபேசியில் குளத்தில் தண்ணீர் எவ்வளவு என்று கேட்பாள், உடனே விருந்தின் கறி உருண்டையைக் கேட்டு, "குஷ்தாபா எப்போ?" என்பாள். நான் போய்ச் சொன்னால், பெரியப்பா கன்றுகளுக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டே பதில் சொல்வார்.

"பனி வராம போகலாம். என் விருந்து வரும்னு சொல்லு."

"அளந்து சொல்லச் சொல்றா பெரியப்பா."

அவர் அடுத்த கன்றுக்குத் தண்ணீரைத் திருப்பப் போய்விடுவார்.