தைப்பூசத்தன்று வேலை செய்த இன்னொரு மங்கை

1. காகிதத்தில் இருந்த நான்

தைப்பூசத்துக்கு மறுநாள் காலை நான் நொண்டிக்கொண்டேதான் ஆபீசுக்குப் போனேன். கொதிக்கும் தார் ரோட்டில் வெறுங்காலோடு தண்ணீர்மலை முருகன் கோயில் வரை பால்குடம் எடுத்தவள் வேறெப்படிப் போவாள்? கைப்பையை மேசையில் வைப்பதற்குள், மேனேஜர் அருளம்பலம் சார் உடனே வரச் சொன்னார் என்றார்கள்.

அவர் அறையில் கேம்பல் தெரு எலக்ட்ரானிக்ஸ் கடை முதலாளி உட்கார்ந்திருந்தார். முகம் சிவந்து போயிருந்தது. ஜப்பானிலிருந்து அவருக்கு வந்த வீடியோ ரெக்கார்டர் பெட்டிகளை எடுக்கக் காலையில் லாரி அனுப்பியிருக்கிறார். கிடங்கில் ஒரு பெட்டியும் இல்லை. முந்தைய நாளே வேறு யாரோ ஒரு லாரியில் வந்து, முறையான டி.ஓ.வைக் காட்டி, எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எண்பதுகளின் கடைசியில் நான் பினாங்கின் ஜார்ஜ் டவுனில், பீச் தெருவில் ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியில் கிளார்க். கப்பலில் வரும் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்து உரியவரிடம் சேர்ப்பது எங்கள் வேலை. கிடங்கை விட்டுச் சரக்கு வெளியேற வேண்டுமென்றால் டெலிவரி ஆர்டர் வேண்டும். அதைத்தான் டி.ஓ. என்போம். அந்த ஃபைலைத் திறந்த கிளார்க் தன் பெயரையும் பாஸ்வேர்டையும் தட்டி சைன் ஆன் செய்து, ரிலீஸ் கொடுத்தால்தான் டி.ஓ. அச்சாகி வரும்.

சார் பிரிண்ட்அவுட்டை என் பக்கம் தள்ளினார். தைப்பூச நாள், காலை நேரம், யூசர்: மங்கை, டி.ஓ. ரிலீஸ். நான் அதை மூன்று முறை படித்தேன். என் பெயர்தான். என் ஃபைல்தான். அந்த நேரத்தில் நான் தலையில் பால்குடத்தோடு கூட்டத்தில் நசுங்கிக்கொண்டிருந்தேன்.

இதில் பெரிய வேடிக்கை, அருளம்பலம் சாரே அதற்குச் சாட்சி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு தலைமுறை ஆகியும் வீட்டில் பேசிய தமிழை விடாத குடும்பம் அவருடையது. ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் தண்ணீர்ப் பந்தலில் நின்று மோர் கொடுப்பார். அன்று எனக்கும் கொடுத்தார்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

“இஞ்ச பாரும் மங்கை. நான் உம்மைக் கண்ணால கண்டனான். கையில மோர் தந்தனான். ஆனா இதில நீர் ஆபீசில இருக்கிறீர். நான் எதை நம்புறது?”

அவர் கேலியாகக் கேட்கவில்லை. அந்த மனிதருக்கு உண்மையாகவே குழப்பம். கம்ப்யூட்டர் எங்கள் கிளைக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. அது தவறு செய்யாது என்று கோலாலம்பூரிலிருந்து வந்து சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. தைப்பூசத்துக்கு முந்தைய நாள் சாயங்காலம் அவசரத்தில் நானே ரிலீஸ் கொடுத்துவிட்டேனோ? தேதி மாறி விழுந்துவிட்டதோ? இல்லை, கோயிலுக்குப் போகும் வழியில் ஆபீசுக்குள் நுழைந்தேனோ? நான் எங்கே இருந்தேன் என்பதை நானே ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை.

2. முறுக்கு, லீமாவ், கெத்துப்பாட்

கவுண்டரில் நாங்கள் மூன்று பேர். நான், சூலியா தெருவில் துணிக்கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண் நசீமா, ஆயர் ஈத்தாமிலிருந்து பஸ் ஏறி வரும் சியூ லான். மூவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. மதியச் சாப்பாடு ஒன்றாக. ஒருத்தி அழுதால் மற்ற இரண்டு பேருக்கும் வேலை ஓடாது.

கப்பலுக்குப் பண்டிகை தெரியாது. விடுமுறை நாளிலும் கவுண்டரில் ஒருத்தி உட்கார வேண்டும். அதனால் எங்களுக்குள் ஒரு கைமாற்று இருந்தது. தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் நான் வர மாட்டேன், மற்றவர்கள் என் வேலையைப் பார்ப்பார்கள். சீனப் பெருநாளுக்கு சியூ லானுக்காக நாங்கள். ஹரி ராயா என்ற நோன்புப் பெருநாளுக்கு நசீமாவுக்காக நாங்கள். பினாங்கில் அப்போது எல்லா ஆபீசிலும் இப்படித்தான். யாரும் உத்தரவு போட்டு நடந்ததில்லை.

ஆனால் அந்த சிஸ்டம் எங்கள் பண்டிகைகளைப் பற்றி யோசிக்காதவர்கள் செய்தது. ஒருத்தி திறந்த ஃபைலை அவள் மட்டுமே ரிலீஸ் செய்ய முடியும். என் ஃபைலை சியூ லான் பார்க்க வேண்டுமென்றால் அவள் நானாக மாற வேண்டும். அதனால் மூவரும் பாஸ்வேர்டைப் பகிர்ந்துகொண்டோம். மற்றவர்களுக்கு மறக்கக்கூடாது என்று அவரவர் பண்டிகைப் பலகாரத்தையே வைத்தோம். என்னுடையது முறுக்கு. நசீமாவுடையது ஓலைக்குள் வேகவைத்த சோற்றுக் கட்டி, கெத்துப்பாட். சியூ லானுடையது, சீனப் பெருநாளுக்கு அவள் கூடை கூடையாய்க் கொண்டுவரும் ஆரஞ்சு, மலாயில் லீமாவ். இதைக் கண்டுபிடித்த அன்று எங்களுக்கு அப்படி ஒரு பெருமை.

கவுண்டருக்கு முன்னால் எப்போதும் கூட்டம். லாரிக் கம்பெனி ஆட்கள், கடைக்காரர்கள், சுங்க ஏஜெண்டுகள். அவர்கள் தலைக்கு மேலேயே மலாயும் தமிழுமாகக் கத்துவோம். சியூ லான் கேட்பாள், நசீமா பதில் சொல்வாள்.

“மங்கை டீ குடிக்கப் போயிட்டா. அவ பாஸ்வேர்ட் என்னா?”

“முறுக்கு லா! எத்தன தடவ சொல்றது?”

கூட்டமும் சேர்ந்து சிரிக்கும். லாரிக் கம்பெனியில் வேலை பார்த்த ராஜு என்ற ஆள் தினமும் வருவான். என்னை வாய் நிறைய அக்கா என்பான். “அக்கா, முறுக்கு எப்போ குடுப்பீங்க?” என்று அவன் கேட்பது கவுண்டரில் நிரந்தரமான கேலி. நாங்களும் சிரித்தோம்.

3. பேரைச் சொல்லு

இரண்டொரு நாளில் கோலாலம்பூர் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். மெல்லிய குரலில் பேசுவார், எல்லாரையும் உட்கார வைத்துத்தான் கேள்வி கேட்பார். அதனாலேயே பயமாக இருந்தது. கம்ப்யூட்டரில் என் பெயர் இருக்கிறது, ஆகவே நான்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. வேலை போவதோடு நிற்காது, போலீஸ் வரை போகும் என்றார். அப்பா இல்லாத வீடு எங்களுடையது. என் வேலையை வைத்துத்தான் தம்பி படித்துக்கொண்டிருந்தான்.

அருளம்பலம் சார் அன்று எனக்காக நின்றார். தாமே என்னைத் தண்ணீர்மலைப் பாதையில் பார்த்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதிகாரி அதை வாங்கிப் படித்துவிட்டு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அப்படியானால் உன் பாஸ்வேர்ட் யாருக்கெல்லாம் தெரியும்?

நான் சாரைப் பார்த்தேன். அவர் என் பக்கம் குனிந்து தமிழில் சொன்னார்.

“பேரைச் சொல்லும், பிள்ளை. சொல்லாட்டா அது நீர்தான் எண்டு எழுதிப்போடுவார்.”

அன்று கவுண்டரில் தனியாக இருந்தவள் சியூ லான். நான் பெயரைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, எல்லாருக்கும் தெரியும். எனக்கு என் பெயர் திரும்பக் கிடைக்க வேண்டுமென்றால் அவள் மாட்ட வேண்டும். இப்படி ஒரு முடிச்சு விழும் என்று முறுக்கு என்று பாஸ்வேர்ட் வைத்தபோது யாருக்குத் தெரியும்? நசீமாவுக்கும் சியூ லானுக்கும் தெரியும் என்று சொன்னேன். சொல்லும்போது மேசையைத்தான் பார்த்தேன்.

சியூ லான் எதையும் மறைக்கவில்லை. என் பெயரில் சைன் ஆன் செய்து இரண்டு ஃபைல்களை ரிலீஸ் கொடுத்ததாகவும், சைன் ஆஃப் செய்துவிட்டுத்தான் ஃபோட்டோஸ்டாட் எடுக்கப் பின்னறைக்குப் போனதாகவும், வீடியோ ரெக்கார்டர் ஃபைலைத் தொடவே இல்லை என்றும் சொன்னாள். அதிகாரி பிரிண்ட்அவுட்டைக் காட்டினார். மூன்று ரிலீஸும் ஒரே டெர்மினலில், ஒரே பெயரில். இவற்றில் எது உன் கை, எது வேறு கை என்று நான் எப்படிப் பிரிப்பது என்று கேட்டார்.

அந்த நாட்களில் என் மனம் போன போக்கை இன்று நினைத்தாலும் கூசுகிறது. அவள் அண்ணன் பட்டர்வொர்த்தில் லாரி ஓட்டுகிறான் என்பது ஞாபகம் வந்தது. போன மாதம் வீடியோ ரெக்கார்டர் என்ன விலை என்று என்னிடம் கேட்டாளே, அது ஞாபகம் வந்தது. அடுத்த நிமிடமே, போன வருடம் எனக்குக் காய்ச்சல் வந்தபோது ஆயர் ஈத்தாமிலிருந்து கஞ்சி கொண்டுவந்தவள் அவள்தானே என்று என்னையே திட்டிக்கொள்வேன். பிறகு நசீமா மேல் பாயும். அவள் அன்று வரவேயில்லை என்று தெரிந்தும் பாயும். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் ஆபீசில் நடமாடினேன்.

ஆதாரம் இல்லாததால் போலீசில் அவள் பெயரைக் கொடுக்கவில்லை. தானாக ராஜினாமா எழுதிக் கொடுத்தால் எல்லாருக்கும் நல்லது என்றார்கள். எழுதிக் கொடுத்தாள். டிராயரைக் காலி செய்யும்போது என் பக்கம் திரும்பாமலே மலாயில் கேட்டாள், நீ என்னை நம்புகிறாயா என்று.

நம்புகிறேன் என்றுதான் சொன்னேன். சொல்வதற்கு முன்னால் ஒரு நொடி நின்றுவிட்டேன். அப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

4. ஆயர் ஈத்தாம் சந்தையில்

அவள் போன பிறகு ஆபீசில் எல்லாம் மாறியது. விடுப்பில் இருப்பவரின் ஃபைலை, பதிலுக்கு உட்காருபவர் தன் சொந்தப் பெயரிலேயே திறக்கும்படி சிஸ்டத்தை மாற்றினார்கள். முன்பே செய்திருக்கலாம். பாஸ்வேர்ட் நம்மைத் தெரிந்தவர்கள் ஊகிக்கக்கூடியதாக இருக்கக்கூடாது, பேர், பிறந்தநாள், பிடித்த சாப்பாடு எதுவும் வேண்டாம் என்று உத்தரவு வந்தது. அடிக்கடி மாற்ற வேண்டும். டெர்மினலில் ஒட்டி வைக்கக்கூடாது. தலைமை அலுவலகத்திலிருந்து பேசுகிறேன் என்று யாராவது போனில் கேட்டாலும் சொல்லக்கூடாது. அதுவரை மனைவி பெயரை வைத்து ஊருக்கே தெரிந்திருந்த அருளம்பலம் சார் புதிதாக ஏதோ வைத்து, மறந்து, அரை நாள் அறைக்குள் சும்மா உட்கார்ந்திருந்தார். எங்களிடம் கேட்கவும் முடியாது, எங்களுக்கும் தெரியாது. அவருக்கு அது பெரிய கஷ்டமாக இருந்தது.

சில மாதங்கள் கழித்து வேறொரு ஃபார்வர்டிங் ஆபீசில் அதே வித்தையைக் காட்டும்போது ராஜு கையும் களவுமாகப் பிடிபட்டான். எங்கள் கதையையும் போலீசில் அவனே ஒப்புக்கொண்டான். கவுண்டரில் நின்றபடி பாஸ்வேர்டைக் காதால் கேட்டிருக்கிறான். எந்த ஃபைல் என்னுடையது என்பதும் எங்கள் பேச்சிலிருந்தே தெரிந்திருக்கிறது. தைப்பூசத்தன்று சியூ லான் பின்னறைக்குப் போன நேரத்தில் உள்ளே கையை நீட்டி, மங்கை என்று அடித்து, முறுக்கு என்று அடித்து, ரிலீஸ் கொடுத்து, அச்சாகி வந்த டி.ஓ.வை உருவிக்கொண்டு போயிருக்கிறான். அவ்வளவுதான். அக்கா என்று அவன் கூப்பிட்ட குரல் எத்தனையோ நாள் என் காதை விட்டுப் போகவில்லை.

செய்தி தெரிந்த அன்று சாயங்காலமே பஸ் ஏறி ஆயர் ஈத்தாம் போனேன். சியூ லான் சந்தையில் அம்மாவின் காய்கறிக் கடையில் இருந்தாள். கங்கோங் கீரையைக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். ராஜு பிடிபட்டதை, அவன் ஒப்புக்கொண்டதை, மேனேஜர் அவளைத் திரும்ப வரச் சொன்னதை. அவள் கட்டி முடித்த கீரையைத் தட்டில் வைத்தாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அவள் மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

“நான் செய்யலைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும், மங்கை. உனக்குத்தான் இன்னைக்குத் தெரிஞ்சிருக்கு.”

அவள் திரும்ப வேலைக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு பல கம்ப்யூட்டர்கள், வங்கி அட்டைகள், பலவிதமான பாஸ்வேர்டுகள் என் கையில் வந்து போயின. ஒன்றைக்கூட யாருக்கும் சொன்னதில்லை. தம்பிக்கும் இல்லை, கட்டிய கணவருக்கும் இல்லை. இவளுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது என்று வீட்டில் கேலி செய்வார்கள். அவர்கள் யாரையும் ஒரு நாளும் நான் சந்தேகத்தோடு பார்க்கும்படி ஆகிவிடக்கூடாது என்றுதான் சொல்லாமல் இருக்கிறேன்.