தூசியாக இருக்கட்டும்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கும் அவளுக்கு, 'கழுகுக்கண் அக்கா' என்று பெயர். புதிதாகச் சேர்ந்தவர்கள் மைக்ரோஸ்கோப்பில் தூசியைப் பார்த்துவிட்டுக் கிருமி என்று குதித்தால், "முதல்ல லென்ஸைத் துடைங்கப்பா, அப்புறம் ஊரைக் கூட்டலாம்" என்று சிரிப்பாள்.

இன்று ஸ்லைடில் இருந்தது அவள் மகளின் ரத்தம். மூன்று நாளாகக் காய்ச்சல். சிவப்பணு ஒன்றில் பொடி வளையமாக ஏதோ தெரிந்தது.

"என்னக்கா, மலேரியாவா?" என்றார் பக்கத்தில் நின்ற டாக்டர்.

"இருங்க டாக்டர், தூசியா இருக்கும்."

கண் வைத்துப் பார்க்கும் லென்ஸைத் திருகினாள். தூசி அதில் இருந்தால் கூடவே சுற்றும், வளையம் சுற்றவில்லை. ஸ்லைடுக்கு மேலே நிற்கும் லென்ஸைத் துடைத்தாள். அடியிலிருந்து வெளிச்சத்தைக் குவித்துத் தரும் கண்டென்சரையும் துடைத்தாள். வளையம் போகவில்லை.

மிச்சமிருந்தது ஸ்லைடை நகர்த்தும் குமிழ் மட்டும்தான். ஸ்லைடு நகரும்போது வளையம் நின்ற இடத்திலேயே நின்றால் அது தூசி. ஆயிரக்கணக்கான பேருடைய ரத்தத்துக்குப் பதறாதவள் குமிழைப் பிடித்தாள். நில்லு, நில்லு என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே திருகினாள்.

அணுக்கள் நகர்ந்தன. வளையமும் அவற்றோடு நகர்ந்தது.

"லென்ஸெல்லாம் சுத்தமாத்தான் இருக்கு, டாக்டர்" என்றாள்.