இடது பக்கம் திரும்பாத கார்

கார் கம்பெனி என்றால் கண்ணாடிக் கட்டடம், வாசலில் செக்யூரிட்டி, உள்ளே ஏசி என்று நினைத்துக்கொண்டு யாராவது அடி அண்ணாமலைக்கு வந்தால் ஏமாந்துதான் போவார்கள். ‘மலைமுகம் மோட்டார்ஸ்’ என்பது எங்கள் மாட்டுக் கொட்டகை. முதலாளி, இன்ஜினியர், வெல்டர் எல்லாம் என் வீட்டுக்காரர் மாறன். கூட்டிப் பெருக்குவதும், “பார்த்து, பார்த்து!” என்று கத்துவதும் அன்புச்செல்வியாகிய நான். கொட்டகையைப் பறிகொடுத்த எங்கள் செவலைப் பசு வேப்பமரத்தடியில் கிடந்தது. கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து அது என்னைத்தான் முறைத்துக்கொண்டிருந்தது, ஏதோ நான் இடம் மாற்றியது போல.

இந்த மனுஷனுக்குக் கார் செய்ய என்ன தெரியும் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பெரிய கார் தொழிற்சாலையில் பல வருஷம் வேலை பார்த்தவர். என்ன வேலை? வலது பக்கப் பின்கதவு மாட்டுகிற வேலை. இடது பக்கத்துக்கு வேறு ஆள். வாரம் முழுக்க அங்கே, ஒரே ஒரு நாள் இங்கே. அந்த ஒரு நாளும் தூங்கியே கழிந்துவிடும். ஒரு பொங்கலுக்கு வந்தவர் பையை வைத்துவிட்டு, “இனிமே நான் போகலை, அன்பு. மலை சுத்தணும்னு ஆசை இருக்கு, ஆனா கால் வரலைன்றவங்களுக்கு நானே ஒரு கார் பண்ணப் போறேன்” என்றார்.

“கதவு மாட்டினவங்கல்லாம் கார் பண்ணிட முடியுமா?”

“கதவு தெரியுதுல்ல, மீதிதானே பாக்கி?”

இப்படிப் பேசுகிற ஆளை என்ன செய்வது? ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். மனுஷன் வீட்டோடு இருப்பாரே!

முதல் கார் ஒரு பழைய ஆட்டோவைப் பிரித்துச் செய்தது. நன்றாக ஓடியது, நிற்கத்தான் இல்லை. பாதையோரம் இளநீர் விற்கும் மணியம்மாள் அக்காவின் குவியலில் ஏறித்தான் நின்றது. அக்காவுக்கு வாய் இருக்கிறதே, அப்பப்பா! அடுத்த ஊர் வரைக்கும் கேட்டிருக்கும். இரண்டாவது கார் சூரிய ஒளியில் ஓடுவது. வெயிலில் ஜம்மென்று போகும். கிரிவலப் பாதையிலோ வழி நெடுக மரம். நிழல் வந்தால் படுத்துவிடும். நாங்கள் இறங்கி அடுத்த வெயில் வரைக்கும் தள்ளுவோம். “வண்டி உங்களைச் சுமக்குதா, நீங்க வண்டியைச் சுமக்கறீங்களா?” என்று ஒரு சாமியார் நின்று கேட்டுவிட்டுப் போனார்.

மூன்றாவது காரை மட்டும் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. பேட்டரியில் சத்தமில்லாமல் மெதுவாகப் போகும். டிரைவர் சீட்டைத் தவிர மற்ற சீட்டெல்லாம் வலது பக்கம் பார்த்து இருக்கும். மலையைச் சுற்றும்போது மலை நம் வலது கைப் பக்கம்தானே? கழுத்து வலிக்காமல் முழு மலையையும் பார்த்துக்கொண்டே வரலாம். உச்சி தெரிய வேண்டுமென்று கூரையிலும் அந்தப் பக்கம் கண்ணாடி வைத்திருந்தார். மலை சுற்றுகிறவர்கள் கழற்றும் செருப்பை வைக்க, முன்சக்கரத்தை ஒட்டி ஓர் இரும்புப் பெட்டி. “கடப்பாரை போட்டாலும் இது வராது. அப்படி வெல்டு வெச்சிருக்கேன்” என்று பெட்டியைத் தட்டித் தட்டிக் காட்டுவார்.

பார்த்தவர்கள் எல்லாம் ‘சூப்பர்’ என்றார்கள், பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்தார்கள், போய்விட்டார்கள். வாங்கத்தான் ஆளில்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய் போர்த்தியும் செவலை நனைந்து இருமியது. நான் நேரே அவரிடம் போனேன்.

“தோ பாருங்க, கார்த்திகை தீபத்துக்குள்ள ஒரு வண்டியாவது விக்கணும். இல்லன்னா செவலை கொட்டாயில, நீங்க ஸ்ரீபெரும்புதூர் பஸ்ல!”

சொன்னதோடு நிற்காமல் அவருடைய சட்டைகளை ஒரு பையில் அடைத்து பீரோ மேல் வைத்தேன். அதன்பிறகு அந்தப் பையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத்தான் பகீர் என்றது. மறுபடியும் அந்த ஒரு நாள் குடித்தனமா? எனக்கு அவர் போகவே கூடாது. ஆனால் வீராப்பாகச் சொன்னதை எப்படித் திரும்ப வாங்குவது?

தீபத்துக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. அப்போது என் வீட்டுக்காரருக்கு அருணாதேவி அக்காவிடமிருந்து போன் வந்தது. ஆசிரமத்துப் பக்கம், செங்கம் ரோட்டில் கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறவர். முழங்கால் வலி, அதைவிடப் பெரிய குரல். “மார்க்கெட்டுக்கு வந்திருக்கேன். தேரடித் தெருவுல வந்து ஏத்திக்கோ, வீட்ல விடு. உன் வண்டி எப்படின்னு பார்க்கறேன். சமையலுக்கு வெங்காயம் இல்ல, சீக்கிரம் போகணும், ஆமா!”

அவரோடு நானும் போனேன். அக்கா காய்கறிப் பையோடு ஏறினார், சீட்டை அமுக்கிப் பார்த்தார். “குலுக்கல் கம்மிதான்” என்றார். என் வீட்டுக்காரரின் காது சிவந்தது. சந்தோஷம் வந்தால் அப்படித்தான் ஆகும்.

செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டியதும், “அதோ அந்தச் சந்து, லெஃப்ட்ல” என்றார் அக்கா.

என் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கை ஒடித்தார். ‘டொக்’ என்று ஒரு சத்தம். சக்கரம் போய்ச் செருப்புப் பெட்டியில் இடித்துக்கொண்டு நின்றது. மறுபடி ஒடித்தார். ‘டொக்’.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் வீடு பாதைக்கு மலைப் பக்கம். கொட்டகையிலிருந்து வெளியே வர வலது, மலையைச் சுற்றி வந்து உள்ளே நுழையவும் வலது. இத்தனை மாதமாக ஓட்டிப் பார்த்ததெல்லாம் கிரிவலம்தான். லேசான வளைவுக்குச் சக்கரம் இணங்கும். இடது பக்கம் முழுதாக ஒடிக்க அந்தக் காருக்கு ஒரு நாளும் வேலை வந்ததில்லை.

பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. மனுஷன் பேசாமல் நேரே விட்டுவிட்டார்.

“ஏம்ப்பா, சந்து போயிடுச்சே!”

“அது வந்துக்கா... ஒரு சுத்து சுத்திட்டுப் போயிடலாம்.”

“சுத்தறதுன்னா?”

“மலையைத்தான்.”

“அடப்பாவி! வெங்காயம்டா!”

“வலது பக்கமா ஒடிச்சுத் திரும்பி வந்துடுங்களேன்” என்று நான் முணுமுணுத்தேன். “கிரிவலம் ஆரம்பிச்சாச்சு. எதிர்ப்பக்கமா என் வண்டி போகாது” என்றார். இந்த வீராப்புக்கு மட்டும் குறைச்சலில்லை. அவ்வளவுதான், வண்டி போச்சு, கொட்டகைக்குச் செவலை, பஸ்ஸுக்கு இவர் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

பாதை வடக்கே திரும்பும் வரைக்கும் அக்கா திட்டிக்கொண்டே வந்தார். சமையல்காரர் போன் மேல் போன் போட்டார். எங்கள் ஊர்ப் பக்கம் நெருங்கியபோது மழை மேகம் விலகி, மலை முழுசாகத் தெரிந்தது. அக்கா பேச்சை நிறுத்தினார். போன் அடித்தது, எடுக்கவில்லை. கோபம் முற்றிவிட்டது என்று பயந்து நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கொத்தமல்லிக்கட்டு மடியில் வாடிக் கிடந்தது.

டவுனுக்குள் போய், மறுபடி அதே சந்து முனைக்கு வந்தோம். என் வீட்டுக்காரர் விடாமல் இன்னொரு தடவை ஒடித்துப் பார்த்தார். ‘டொக்’. வண்டியை ஓரங்கட்டித் தலையைக் குனிந்துகொண்டார்.

“மன்னிச்சுக்குங்கக்கா. இடது பக்கம் திரும்பலை.”

அக்கா இறங்கவில்லை. “கால் போனதுலேர்ந்து நான் மலை சுத்தினதே இல்லப்பா. வர்றவங்களுக்கெல்லாம் வழி சொல்லி அனுப்புவேன், நான் மட்டும் இங்கயே உக்காந்திருப்பேன். அந்தப் பக்கத்து மலை எப்படி இருக்கும்னே மறந்து போச்சு.” மூக்கை உறிஞ்சினார். “இடது பக்கம் திரும்பியிருந்தா நீ என்னை வீட்ல விட்டிருப்ப. நானும் ‘நல்லா இருக்கு, சொல்லி அனுப்பறேன்’னு சொல்லிட்டு உள்ள போயிருப்பேன்.”

என் வீட்டுக்காரர் தலையை நிமிர்த்தினார்.

“ரெண்டு வண்டி பண்ணு. அந்தச் சனியன் பிடிச்ச பெட்டியை மட்டும் பின்னால தள்ளி வை” என்று சொல்லிவிட்டு, வெங்காயத்தைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டிச் சந்துக்குள் போனார்.

வீடு வந்து சேரும்போது மழை கொட்டியது. செவலை கயிற்றை அறுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போய், சரியாகக் கார் நிற்கும் இடத்தில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ரெண்டு வண்டி பண்ணணுமே, அன்பு. எங்க வெச்சுப் பண்றது?”

“அதெல்லாம் காலையில பார்த்துக்கலாம். அது படுத்திருக்கட்டும்.”

அவர் செவலையின் தார்ப்பாயை எடுத்துக் காருக்குப் போர்த்தப் போனார். நான் உள்ளே போய், பீரோ மேலிருந்த பையை இறக்கி, சட்டைகளை ஒவ்வொன்றாக உதறி மறுபடி பீரோவுக்குள் அடுக்கினேன்.