மல்லாரியின் நடை

பூந்தமல்லியில் தோல்பை தைத்து விற்கும் கலீல் ரகுமானின் மூத்த மகள் ஃபிசா. அம்பத்தூர் எஸ்டேட்டில், கீழே லேத் பட்டறையும் மேலே கார்ட்டூன் கம்பெனியுமாக இருந்த ஒரு கட்டடத்தில் அவளுக்கு வேலை. கம்பெனி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு ஹால், கொஞ்சம் கம்ப்யூட்டர்கள், பட்டறையில் மிஷின் ஓடும்போதெல்லாம் லேசாக அதிரும் தரை. யாரோ வரைந்து அனுப்பும் கரடிகளுக்கும் கார்களுக்கும் அசைவு கொடுத்துக்கொண்டிருந்தாள் ஃபிசா. முதலாளி தட்சிணாமூர்த்திக்குச் சொந்தமாக ஒரு தொடர் செய்து பார்க்கும் ஆசை வந்தபோது, கதாநாயகியை அவளிடமே விட்டுவிட்டார்.

அப்படிப் பிறந்தவள் மல்லாரி. பத்து வயது, ஏரிக்கரையில் வழி தவறிப்போன பெண். கூட ஒரு நாரை, ஒரு கீரி, ஓர் ஆமை. நாரைக்குத் தெரிந்தது வானத்து வழி, கீரிக்கு வளை, ஆமைக்குத் தண்ணீர். மூன்றும் ஆளுக்கொரு பக்கம் அவளை இழுக்கும். எதுவும் ஒத்துவராமல், கடைசியில் தனக்கான வழியைத் தானே தேடிப் பிடித்து அந்த மூன்றையும் அதில் கூட்டிக்கொண்டு போவாள். சரியான வாயாடி. பயம் வந்தால் இன்னும் அதிகமாகப் பேசுவாள்.

அவள் நடப்பதில் மட்டும் ஒரு தினுசு இருந்தது. இடது கால் சற்றே பின்தங்கும். உடனே ஒரு சின்னத் துள்ளலில் வலது காலை எட்டிப் பிடித்துவிடும்.

அது ஃபிசாவின் தங்கை நிஷாவின் நடை. நிஷாவுக்குப் பிறவியிலேயே இடது கால் சூம்பல். எண்ணெய் தேய்த்தார்கள், ஓதிப் பார்த்தார்கள், யார் எந்த வைத்தியரைச் சொன்னாலும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒரு நாள் அவளே, “வுடுங்க, எனக்கு இந்தக் காலே போதும்” என்று சொல்லிவிட்டுத் துள்ளித் துள்ளிப் பள்ளிக்கூடம் போனாள். பதிமூன்று வயதில், ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் சேர்த்த வாரமே போய்விட்டாள். அதன்பின் வீட்டில் அவள் பேச்சை எடுத்தால் அத்தா எழுந்து வெளியே போய்விடுவார். போட்டோக்களில் எல்லாம் அவள் நின்றுகொண்டோ உட்கார்ந்துகொண்டோதான் இருந்தாள். நடக்கிற மாதிரி ஒன்றுகூட இல்லை. அந்த நடையை ஃபிசா தன் நினைவிலிருந்துதான் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சேர்த்தாள். ஆபீசில் யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டிலும் சொல்லவில்லை. முதல் பாகம் இணையத்தில் வந்ததும், “நான் செஞ்சதும்மா” என்று போனை நீட்டினாள். அம்மா அஷ்ரஃபுன்னிசா பார்த்தார். “இன்னொரு வாட்டி போடு” என்றார். மறுபடியும் போடச் சொன்னார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“இந்த நட எனக்குத் தெரியாதாடி?”

அதிலிருந்து வாராவாரம் பார்ப்பார். சத்தத்தை அணைத்துவிடுவார். கதை அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

ஒரு பெரிய சானல் தொடரை வாங்கிக்கொள்ள வந்தது. அடுத்த வாரம், ஃபிசாவின் டீம் லீட் கிஷோர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். ஆவடிக்காரன், நல்ல மாதிரி.

“சானல்ல எல்லாம் புட்ச்சிருக்கு ஃபிசா. கீரி சூப்பராம். ஒண்ணே ஒண்ணுதான். அந்தப் பொண்ணு நொண்டுற மாதிரி கீதாம்.”

“நொண்டல. அவ நடையே அதான்.”

“அதத்தான் கேக்குறாங்க, இன்னா காரணம்னு கதையில எங்கயும் வரலையேன்னு. ஆமை ஒரு மூலிகை கொண்டாந்து குடுத்து கால் சரியாப் போறாப்ல ஒரு எபிசோடு வச்சிக்கலாம். இல்லன்னா பேசாம நேரா நடக்க வுட்டுடு.”

“மூலிகையெல்லாம் வேணாம் கிஷோர். அவளுக்கு ஒண்ணும் கொறையில்ல.”

அவள் தட்சிணாமூர்த்தியிடம் போனாள். அவர் கோபப்படவில்லை. “இந்த ஒண்ண நம்பித்தாம்மா இங்க எல்லாரும் உக்காந்திருக்கோம்” என்றார். தங்கையைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்றுதான் ஃபிசா போயிருந்தாள். வாய் வரவில்லை. நிஷாவைக் காரணமாக்கி ஒரு சலுகை கேட்பது போல இருந்தது.

“உனக்குக் கஷ்டம்னா அந்த நடைய நான் மாத்திடுறேன்” என்றான் கிஷோர்.

“வேணாம். நானே செய்றேன்.”

வேறொரு கை மல்லாரிமேல் படுவதை ஃபிசாவால் தாங்க முடியாது. இடது காலை முன்னுக்குக் கொண்டுவந்தாள். துள்ளலை அழித்தாள். ஓட்டிப் பார்த்தபோது மல்லாரி எல்லாப் பிள்ளைகளையும் போல நடந்து போனாள். ஃபிசா பாத்ரூமுக்குப் போய் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் அழுதாள்.

அம்மாவிடம் முன்கூட்டிச் சொல்லும் தைரியம் அவளுக்கு இல்லை. புதிய பாகம் வந்த அன்று அஷ்ரஃபுன்னிசா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கி, முழுவதும் பார்த்தார்.

“நல்லா நடக்குறா” என்றார். பிறகு, “இது யாரோ ஊட்டுப் புள்ள. நல்லா இருக்கட்டும்” என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டார்.

நிஷா இறந்தபோது வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். அழுவதற்குத் தெருவே வந்திருந்தது. இந்த முறை அவர்கள் இருவர் மட்டும்தான். அதில் ஒருவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் அவர் அந்தத் தொடரைக் கேட்கவே இல்லை. ஃபிசா வேலையை விடவில்லை. மல்லாரி மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். நாரையையும் கீரியையும் ஆமையையும் அவளுக்குக் கொடுத்தார்கள். பக்கத்து மேஜையில் பவித்ரா என்ற புதுப்பெண் மல்லாரியை நடக்க வைத்தாள், ஓட வைத்தாள், மரமேற வைத்தாள். நன்றாகவே செய்தாள். ஃபிசா அந்தப் பக்கம் திரும்பமாட்டாள்.

ஒரு நாள் கிஷோர் கேட்டான். “இந்த மூணும் ஏன் அப்பப்ப நின்னு பின்னாடி திரும்பிப் பாக்குது? ஸ்கிரிப்ட்ல அப்டி ஒண்ணும் இல்லையே.”

“தெரியல” என்றாள் ஃபிசா. அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

அவன் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். “சரி, இருந்துட்டுப் போவட்டும்” என்று எழுந்து போனான்.

வருஷம் ஒன்று ஓடிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சோறு போட்டுக்கொண்டே அஷ்ரஃபுன்னிசா, யாரோ தூரத்துச் சொந்தத்தை விசாரிப்பது போலக் கேட்டார்.

“அந்தப் புள்ள இப்போ எங்க கீது?”

ஃபிசா நிமிர்ந்து பார்த்தாள். “கடல் வரைக்கும் வந்துட்டாம்மா.”

“தனியாவா?”

“இல்ல. மூணும் கூட இருக்கு.”

அஷ்ரஃபுன்னிசா தலையை ஆட்டினார். போதும் என்று ஃபிசா சொல்வதற்குள் இன்னொரு கரண்டிச் சோற்றை அவள் தட்டில் வைத்தார்.